விற்றவன் மூச்சு

சாப்பிட்டாச்சா என்று நான் கேட்டதும் உங்கள் கான்ஸ்டபிள் நாற்காலியை ஏன் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை, மேடம். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் மனிதன் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. பிறகுதான் உறைத்தது, தம்பி அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். சந்தோஷம். தியேட்டரில் ஓடியபோதே பார்த்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

குரலை வைத்துப் பிழைத்தவன் கையில் பேனாவைக் கொடுத்து, "நீங்களே எழுதுங்க, நிதானமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பேரம் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவன், சும்மா எதையும் தூக்கிக் கொடுத்துப் பழக்கமில்லை. நீங்கள் கேட்டதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கேட்காத ஒன்றையும் கடைசியில் கொசுறாகத் தருகிறேன். பதிலுக்கு, அந்தப் படத்தில் ஹீரோவுக்குக் குரல் கொடுத்தது நான்தான் என்று உங்கள் ரெக்கார்டில் என் பெயரோடு ஏற வேண்டும். டைட்டிலில் வராத பெயர் கேஸ் கட்டிலாவது வரட்டும்.

என் அப்பாவுக்கு ஜன்னல், வாசலுக்குப் போடுகிற திரைத்துணி மொத்த வியாபாரம். தெரு முழுக்கக் கடைகள், கடை முழுக்கக் கத்தல். அப்பா மட்டும் கத்தமாட்டார். பேரம் படியாமல் படியிறங்கிப் போகிறவனைத் திரும்பக் கூப்பிடுவதில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது என்பார். உரக்கக் கூப்பிட்டால் நமக்கு அவசரம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மெதுவாகக் கூப்பிட்டால் காதில் விழாது. முதுகில் கை வைத்த மாதிரிக் கூப்பிட வேண்டும். "அண்ணே" என்பார், அவ்வளவுதான். போனவன் தானாகத் திரும்புவான். கடைசி விலையைச் சொன்ன பிறகு மூச்சு விடக்கூடாது என்பது அவருடைய இன்னொரு பாடம். மூச்சு விட்டால் விலை இறங்கிவிடும். எதிராளி பணப்பையில் கை வைத்த பிறகு மூக்கு வழியாகக் கொஞ்சமாக விட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் குரல் உடையத் தாமதமானது. மீசை அரும்பிய பிறகும் எலிக்குஞ்சு மாதிரிதான் பேசுவேன். எதிர்க்கடை பூட்டுக்காரர் எனக்குக் கீச்சு என்று பெயர் வைத்தார். பூட்டு, சங்கிலி, தாழ்ப்பாள் விற்கிற கடை. வாடிக்கையாளர் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, "டேய் கீச்சு, கூப்பிடுடா, காக்கா வருதா பார்ப்போம்" என்பார். தெருவே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அவர் சிரித்தது வியாபாரத்துக்காக என்று எனக்குத் தெரியும். பிறகு ஒருவழியாக என் குரல் உடைந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல உடைந்தது. பூட்டுக்காரர் வாயில் மட்டும் நான் கடைசிவரை கீச்சுதான்.

அப்பாவுக்குப் பிறகு கடையை விற்றுவிட்டு டப்பிங்குக்கு வந்தேன். ராட்சசனுக்குப் பேசியிருக்கிறேன். அசரீரிக்குப் பேசியிருக்கிறேன். இருமல் மருந்து விளம்பரத்தில் இருமலுக்கே பேசியிருக்கிறேன். எங்கள் தொழிலில் முகம் தேவையில்லை, பெயரும் தேவையில்லை. இருட்டு அறையில் திரையில் ஓடுகிற உதட்டைப் பார்த்து, அது திறக்கும்போது நாமும் வாயைத் திறக்க வேண்டும். ஒரு வகையில் அதுவும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று செய்கிற வியாபாரம்தான்.

அந்தப் படத்துக்கு 'கதவை மூடவும்' என்று பெயர். கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், கான்ஸ்டபிளுக்குத் தெரியும். ஒரு லிப்ட் மெக்கானிக். மகள் மட்டும்தான் துணை. அறுந்துபோகப் போகிற கம்பியை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறான், கட்டடத்துக்காரர்கள் கேட்பதில்லை. கடைசியில் அந்த லிப்டிலேயே மகள் விழுந்து சாகிறாள். அப்புறம் அவன் பொறுப்பானவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான். பழிவாங்கும் கதை, புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் அவன் ஓடுவதில்லை, கத்துவதில்லை, சவால் விடுவதில்லை. பழுது பார்க்க வந்த ஆள் மாதிரி வருவான், பார்த்துவிட்டுப் போவான்.

ஹீரோவை யூனிட்டில் பளிங்கு என்று கூப்பிடுவோம். முகம் அப்படி. அதற்கு முன்பு சோப்பு விளம்பரத்தில் குளித்துக்கொண்டிருந்த ஆள். நான் நியாயமான மனிதன், மேடம். கடைக்காரன் பிடிக்காது என்பதற்காகச் சரக்கைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் படத்தில் அவன் நடிப்பு முதல் தரம். எல்லாரும் வேலை முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொள்வார்கள். அவன் ஆரம்பிப்பதற்கு முன்னால் துடைத்துக்கொள்வான், ஒவ்வொரு விரலாக, பழைய துணியில். காண்டிராக்டரை லிப்டுக்குள் வைத்து ஸ்பேனரால் அடிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. கம்பிக் கதவுக்கு வெளியே நாம் நிற்கிறோம். முதல் அடியில் தாடை போகிறது. காண்டிராக்டர் ஏதோ சொல்லப் பார்க்கிறான், வாயிலிருந்து சொல்லுக்குப் பதில் பல் வருகிறது. லிப்ட் மெதுவாக இறங்குகிறது, நாமும் கூடவே இறங்குகிறோம். ஒவ்வொரு மாடியின் வெளிச்சமும் பளிங்கின் முகத்தில் விழுந்து விழுந்து விலகுகிறது. ஒரு மாடியில் அழுகிறான். அடுத்த மாடியில் அழவில்லை. வெட்டி ஒட்டியதில்லை, ஒரே ஓட்டத்தில் எடுத்தது. அடி நிற்கவில்லை, முகம் மட்டும் மாறுகிறது. கழுத்து நரம்பு வரைக்கும் நடித்திருந்தான். நல்ல துணி, நல்ல தையல். தொண்டை மட்டும் ஓட்டை.

அவன் பேசினால் மூக்கடைத்த குழந்தை பேசுகிற மாதிரி இருக்கும். ஷூட்டிங்கில் "என்னை ஞாபகம் இருக்கா?" என்று வில்லனைக் கேட்கிற இடத்தில் லைட்பாய்கள் திரும்பி நின்று சிரித்தார்களாம். டைரக்டர் உஷாரானவர், கொல்லுவதற்கு முன்னால் பேசுகிற இடங்களில் எல்லாம் அவனை முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டார். மீதியை என் தலையில் கட்டினார்.

வசனமெல்லாம் சுலபமாக முடிந்தது. மூச்சில்தான் மாட்டிக்கொண்டோம். முதல் கொலை, அந்த லிப்ட் காட்சி, முடிந்ததும் பளிங்கு அப்படியே நிற்பான், கேமரா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் வேண்டும் என்றார் டைரக்டர். நானும் இறைத்துப் பார்த்தேன். ஸ்டுடியோ மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டு வந்து மைக் முன்னால் நின்றேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு விட்டுப் பார்த்தேன்.

"மாடி ஏறினவன் மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர். இன்னொரு டேக். "இப்ப காதலிக்கிறவன் மாதிரி இருக்கு." அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி அடக்கி, மூக்கு வழியாகக் கொஞ்சமாக விட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு அடிச்சவன் மூச்சு வேணும். உங்ககிட்ட வித்தவன் மூச்சுதான் வருது."

சவுண்ட் இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு எதிர்க்கடை ஞாபகம் வந்தது. அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும், கண்ணாடி அறைக்குள் நிற்கும்போது, வெளியே ஒருவன் சிரித்தால் நான் கீச்சாகிவிடுகிறேன்.

மறுநாள் பழைய தெருவுக்குப் போய் பூட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். மதியம் போனேன், சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டேன். ஒரே டேக். முதுகு காட்டி நிற்கிற இடத்தில் பழைய வசனத்தை எடுத்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று போட்டேன். அப்புறம் ஒன்றுமே விடவில்லை, திரையில் அடி விழுந்து முடிகிறவரை. எல்லாம் அடங்கிய பிறகு ஒரு மூச்சு. டைரக்டர் இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"எங்கேருந்துண்ணே புடிச்சீங்க இதை?" என்றார் டைரக்டர்.

"மார்க்கெட்ல" என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

படம் ஊத்திக்கொண்டது. பக்கத்துத் தியேட்டரில் பெரிய ஹீரோ படம், அங்கே விசில். எங்கள் தியேட்டரில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம் கேட்டது. ஹீரோ சண்டை போடாமல் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறான் என்று ஒருத்தர் எழுந்து போனார். டைரக்டர் முதலில் போன் நம்பரை மாற்றினார், பிறகு தொழிலையே மாற்றிவிட்டார். டைட்டில் கார்டில் என் பெயர் இல்லை. ஹீரோவே சொந்தக் குரலில் பேசியதாக விளம்பரம் செய்ய வேண்டும், பெயர் போட்டால் கட்டுப்படியாகாது என்று தயாரிப்பாளர் தரப்பில் சொன்னார்கள். படமே ஓடாதபோது பெயருக்கு எங்கே போய் அழுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு யாரோ அந்த லிப்ட் காட்சியை வெட்டிப் போனில் போட்டார்கள். அது பரவியது. சின்னப் பசங்கள் ஆளுக்காள் "சாப்பிட்டாச்சா?" என்று மெதுவாகக் கேட்டுப் பயமுறுத்திக்கொண்டார்கள். டீக்கடையில், பஸ்ஸில், என் காதுபடவே. யாரும் கொண்டாடாத மாணிக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாவற்றையும் படித்தேன். பளிங்கின் கண், பளிங்கின் கழுத்து, அதெல்லாம் சரிதான். "அந்த ஒரு மூச்சுக்கே இவனுக்கு விருது கொடுத்திருக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடையில் தங்கிப்போன சரக்குக்குத் திடீரென்று கிராக்கி வந்த சந்தோஷம் ஒரு பக்கம். பில் வேறொருவன் பெயரில் போடப்படுகிற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம்.

பளிங்கு பேட்டி கொடுத்தான். பேட்டியெல்லாம் எழுத்தில்தான், குரல் வெளியே வராதபடிக் கவனமாக இருந்தான். அந்த வசனம் தனக்குக் கனவில் வந்தது என்றான். அந்த மூச்சுக்காகக் குளியல் தொட்டியில் முகத்தை முக்கிப் பயிற்சி செய்தேன் என்றான். சோப்பு விளம்பரப் பழக்கம் விடவில்லை.

நான் கோபப்படவில்லை. போன் செய்து, வரலாமா என்று கேட்டேன். தாராளமாக வரச் சொன்னான். முற்பகல் நேரம். அவன் மனைவிதான் கதவைத் திறந்தது. வணக்கம் சொன்னேன், ஒரே ஒரு வணக்கம். அந்தப் பெண் கண்ணை அகல விரித்துவிட்டுச் சிரித்தது.

"ஐயோ, நீங்கதானா அது? நானும் எவ்வளவு நாளா பார்க்கணும்னு நினைச்சேன். இவர் பேசினா வீட்டுப் பூனைகூட எழுந்திரிக்காதுண்ணே."

"ஏய், மானத்தை வாங்காதே" என்று உள்ளேயிருந்து பளிங்கு கீச்சினான். அந்தப் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய்விட்டது. போகும்போது, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்ணே" என்றது. மரியாதையான குடும்பம்.

பளிங்கு என்னைத் தன் வீட்டுத் தியேட்டர் அறையில் உட்கார வைத்தான். சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் மெத்தை. மேசையில் அந்த ஸ்பேனரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். அடிக்கிற காட்சிக்கு ரப்பரில் ஒன்று செய்திருந்தார்கள். இது குளோசப்புக்கு வைத்திருந்த நிஜ இரும்பு.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. ஒரு பேட்டியில் என் பெயரைச் சொன்னால் போதும் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்களை நான் மறப்பேனா? ஆனா இப்ப போய்ச் சொன்னா என்ன ஆகும் சொல்லுங்க. படத்தையே சந்தேகப்படுவாங்க. அடுத்த படம், அதுக்கடுத்த படம், எல்லாத்துக்கும் நீங்கதான் எனக்குக் குரல். பெயர்ல என்னண்ணே இருக்கு?"

"பெயர்ல ஒண்ணும் இல்லேன்னா எனக்கே குடுத்துடேன், தம்பி."

சிரித்தான். நல்ல பேரம்தான், ரெண்டு பக்கமும் முகம் கோணாமல் பேசிக்கொண்டிருந்தோம். படத்தை மறுபடியும் வெளியிடப் போகிறார்கள், விழா நடக்கப் போகிறது என்றான். ரசிகர்கள் மேடையில் அந்த வசனத்தை நேரில் சொல்லச் சொல்வார்கள். நான் மேடைத் திரைக்குப் பின்னால் நின்று பேச வேண்டும், அவன் முன்னால் நின்று வாயசைப்பான். அதற்கு இப்போதே ஒத்திகை பார்த்துவிடலாமா என்றான். திரைத்துணி வியாபாரி மகனைக் கடைசியில் திரைக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் நான் சரி என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். அதுவரை நான் எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான். "அந்த மூச்சு மட்டும் வேணாம்ணே. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அது கொஞ்சம் செயற்கையா இருக்கு."

அந்த மூச்சுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். படம் முழுக்க ரப்பர் ஸ்பேனர், சாயத் தண்ணீர் ரத்தம், கேரட்டை உடைத்து எடுத்த எலும்புச் சத்தம். அதில் நிஜமாக இருந்தது அது ஒன்றுதான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றேன். சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டேன். கை வியர்த்திருந்தது, அதனால்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டில்லை.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லண்ணே" என்றான் கண்ணைத் திறக்காமலே, சிரித்துக்கொண்டு.

"பரவாயில்லை" என்றேன்.

முதல் அடி தோளில் விழுந்தது. காறை எலும்பு உள்ளே போவது ஸ்பேனர் வழியாக என் முழங்கை வரை தெரிந்தது. எழுந்தான். கதவு எந்தப் பக்கம் என்று அவனுக்கே மறந்துபோய் மெத்தைச் சுவரில் போய் முட்டினான். இரண்டாவது அடி தாடையில். படத்தில் காட்டிய மாதிரி பல் உடனே வராது மேடம், நாக்கு வெட்டுப்பட்டு ரத்தம்தான் முதலில் வரும். அது வாயில் நிறைந்து குமிழியிடும். கையை நீட்டி ஏதோ கேட்டான். விரல்களில் அடித்ததும் கை இறங்கியது. பிறகு தரையில் கிடந்தவன் மேல் முழங்காலை வைத்துத் தொண்டையில் அடித்தேன். தலையில் அடித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், அது எனக்கும் தெரியும். அதற்கு மேல் அந்த முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்தத் தொண்டைதான் யாருக்கும் பயனில்லாததாகப் பட்டது. உடைந்து அடங்குகிறவரை அடித்தேன். கம்பளம் சொதசொதவென்று ஆனது.

கடைசியாக அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தொழில்காரனாகச் சொல்கிறேன், அவன் வாழ்க்கையில் கொடுத்த நல்ல சத்தம் அதுதான். டப்பிங் தேவைப்படவில்லை. அந்தப் பெருமையை அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. எடுக்காவிட்டால் திரும்பி வந்துவிடும், குழந்தையும் கூட வரும், குழந்தை பார்க்கக்கூடாத காட்சி. அதனால் எடுத்தேன். அவன் குரலில், படத்தில் வருகிற அந்தக் குரலில் பேசினேன். சாப்பிட்டாச்சா என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு "சாப்ட்டேங்க" என்றது அந்தப் பெண், சாதாரணமாக. திடீர்னு ஷூட்டிங் கிளம்பறேன், ரெண்டு நாள் தேடாதே என்றேன். "சரிங்க, பத்திரமா போயிட்டு வாங்க" என்றது. பேரம் படிந்தது என்று நினைத்து மூச்சு விட்டேன். அந்தப் பெண் குழந்தையைப் பக்கத்துக் கடையில் உட்கார வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறது.

நீங்கள் வந்தபோது நான் ஸ்டுடியோவில் ஒரு கார்ட்டூன் கரடிக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த டேக்கை முடிக்க விட்டீர்கள். நன்றி.

இவ்வளவு உஷாரான ஆள் எப்படி அந்தத் தப்பைச் செய்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தக் குரலில் பேசி ஏமாற்றியிருக்கலாம், கட்டின மனைவியிடமா என்று கேட்டீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். பதற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது கொசுறு.

பூட்டுக்காரர் கடைக்குள் இரும்பு ராக் சரிந்து விழுந்து செத்துப்போனார் என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அப்போது விசாரித்தவர்களும் அப்படியே எழுதி மூடினார்கள். ராக் பிறகுதான் சரிந்தது. சரித்தது நான்.

நடிப்புக்காக ஒருவனைக் கொல்வதா என்று நினைப்பீர்கள். யாரையோ கொன்றால் அந்த மூச்சு வராது, மேடம். அது பழிவாங்கும் படம். கணக்குத் தீராத ஆளாக இருக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். கீச்சு என்று கூப்பிட்டவர். வேறு பெரிய பகையெல்லாம் எனக்கு வாழ்க்கையில் அமையவில்லை.

மதியம், தெருவில் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுகிற நேரம். குனிந்து உள்ளே போனேன். வயசாகிவிட்டது அவருக்கு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"யாரு? அட, கீச்சு. வாடா. எத்தனை வருஷமாச்சு" என்றார். எழுந்து வந்து என் கன்னத்தைத் தட்டினார். "டீவியில அந்த ராட்சசனுக்குப் பேசினது நீதானே? பெயர் போடல. ஆனா எனக்குத் தெரியுமே. நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மூச்சு எடுப்பே பாரு, அதுலயே புடிச்சிட்டேன். பேரப்புள்ளைங்களையெல்லாம் கூப்பிட்டு, டேய், இது நம்ம கீச்சுடான்னு காட்டினேன்."

அவர் மறுபடியும் கீச்சு என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கோடவுன் கதவுக்குப் போடுகிற பெரிய பூட்டு ஒன்று மாதிரிக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும், குழந்தைத் தலை அளவுக்கு. சின்ன வயசிலிருந்து அதைத் தூக்கிப் பார்க்க ஆசை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், அப்போது அது வசனமில்லை.

"இப்பத்தான்டா ஆச்சு. நீ?" என்று சொல்லிக்கொண்டே எனக்கு நாற்காலி எடுத்துப்போடத் திரும்பினார்.

பின்மண்டையில் அடித்தேன். சினிமாச் சத்தம் எதுவும் வரவில்லை. மாடியிலிருந்து துணிப் பொதி விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். மண்டியிட்டார். கண்ணாடியைத் தேடினார். இன்னொரு தடவை அடித்தபோது பூட்டின் வளையம் எலும்புக்குள் சிக்கிக்கொண்டது. தலையைக் காலால் மிதித்துத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் கால் ஒன்று நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான் மூச்சு விடவில்லை. விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது. எல்லாம் நின்றதும் மூக்கு வழியாகக் கொஞ்சமாக, தானாக, ஒரு மூச்சு வந்தது.

டைரக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார். அடித்தவன் மூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. அது விற்றவன் மூச்சேதான். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ராக்கைச் சரித்துவிட்டு, அது மறந்துபோவதற்குள் ஸ்டுடியோவுக்கு வண்டியைப் பிடித்தேன்.

என் பக்கத்துச் சரக்கை முழுசாகக் கொடுத்துவிட்டேன். எந்தக் கொலையிலும் எனக்குப் பங்காளி கிடையாது, யாரும் தூண்டவில்லை. தண்டனையில் பேரம் பேசமாட்டேன். அந்தக் குரல் யாருடையது என்பதில் மட்டும் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனை மேசையில் வைத்து, அந்தப் பெண் உங்களிடம் கொடுத்த அந்தப் போன் பேச்சின் பதிவைப் போட்டீர்கள். அது யார் குரல் என்று இதற்குக் கீழே என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "சாப்பிட்டாச்சா?" அப்புறம் அந்த அமைதி. கடைசியில் அந்த மூச்சு. மூடிய கண்ணுக்குள் பளிங்கின் முகம்தான் வாயசைத்தது. கான்ஸ்டபிள் தம்பி மறுபடியும் நாற்காலியை இழுத்துக்கொண்டார். இழுக்காமல் என்ன செய்வார், எனக்கே புல்லரிக்கிறது.

இதில் என்ன சந்தேகம், மேடம்? பளிங்குதான். என்னமாய்ப் பேசியிருக்கிறான்.